சொந்தமா டேபிள்டாப் ஆர்பிஜி எழுதறேன், ஓசில கிடைக்கிற நல்ல ரிசோர்ஸ் சொல்லுங்க

கரும்புக்காட்டான்:

வணக்கம் மக்களே. நான் மதுரைக்காரன், அஞ்சாறு வருஷமா தென்னாப்பிரிக்காவுல டர்பன்ல வேலை. 2023ல லோட் ஷெட்டிங் (கரண்ட் கட்) உச்சத்துல இருந்தப்ப டிவி இல்ல வைஃபை இல்லனு ஆபீஸ் பசங்க நாலு பேர் மெழுகுவத்தி ஏத்தி வச்சு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட ஆரம்பிச்சோம், ஆளுக்கொரு கேரக்டரா பேசி பகடை உருட்டி ஆடற டேபிள்டாப் ஆர்பிஜி அது. அப்புறம் கரண்ட் ஒழுங்கா வந்துடுச்சு, ஆனா ஆட்டம் நிக்கல, ஞாயித்துக்கிழமை மத்தியானம் பன்னி சாவ் (பிரெட்டைக் குடைஞ்சு உள்ள குழம்பு ஊத்தித் தர்றது) வாங்கி வச்சிட்டு உக்காந்தா ராத்திரி ஆகிடும். அன்னிலருந்து இன்னி வரைக்கும் நான்தான் கேம் மாஸ்டர், அதாவது கதை சொல்லி ஆட்டத்தை நடத்தறவன், ஏன்னா வேற எவனும் ரூல்புக் படிக்க மாட்டேங்கிறான்.

இப்ப என்னன்னா, டிராகன் அலுத்துப்போச்சு. சொந்தமா ஒண்ணு எழுதணும்னு ஆசை. 1800கள் கடைசி, நேட்டால் (டர்பன் இருக்கற பகுதிக்கு அப்ப பேர்) கரும்புத் தோட்டம், கப்பல்ல ஒப்பந்தக் கூலியா வந்தவங்கதான் கேரக்டர். ராத்திரியானா கரும்புக்காட்டுக்குள்ள ஏதோ ஒண்ணு நடமாடுது. பாதி பேய்க்கதை பாதி நிஜம்னு வச்சுக்கோங்க. நோட்டுல நாப்பது பக்கம் எழுதிட்டேன், எல்லாமே தோட்டத்தோட வரலாறு, முதலாளி குடும்பக் கதை, பேய் எப்படி வந்துச்சுங்கறதுதான். போன வாரம் பசங்ககிட்ட காட்டினா ஒருத்தன் கேக்கறான், "சரி மச்சான், இதுல நான் என்ன பண்ணணும்?" பதில் இல்ல என்கிட்ட.

அதனால கேக்கறேன். எந்த சிஸ்டத்துமேல (ரூல் தொகுப்பு) கட்டலாம், வாராவாரம் ப்ரெப் (ஆட்டத்துக்கு முன் தயாரிப்பு) பண்றதுக்கு எதைப் படிக்கலாம், மேப், ஐகான், தமிழ் ஃபான்ட் எல்லாம் எங்க கிடைக்கும், அந்தக் காலத்து விவரம் எங்க தேடறது. ஒரு புத்தகம் ஐம்பது டாலர்னா இங்க ரேண்ட்ல மாத்திப் பார்க்கும்போது நெஞ்சு அடைக்குது, அதனால ஓசியா இருந்தா புண்ணியம். திருட்டு பிடிஎஃப் லிங்க் வேணாம், அது எனக்கே தெரியும்.

ஜெயந்தி_ஜோபர்க்:

தம்பி, நாப்பது பக்கம் எழுதினதுக்கு வெக்கப்படாத, என் பீரோல இருநூறு பக்கம் கிடக்கு, இன்னி வரைக்கும் ஒருத்தரும் ஆடினதில்ல. ஆனா உன் ஃப்ரெண்டு கேட்டான் பாரு, அதைவிட நல்ல கேள்வி கேம் டிசைன்ல கிடையாது. அந்தக் கேள்வியை ஒரு துண்டுப் பேப்பர்ல எழுதி சுவத்துல ஒட்டு.

ரிசோர்ஸ் லிஸ்ட் கேட்டா ஆளாளுக்கு நூறு லிங்க் குடுப்பாங்க, புக்மார்க் பண்ணிட்டு ஒண்ணையும் படிக்க மாட்ட. என்னைக் கேட்டா மூணே மூணு கேம் படி, மூணும் சட்டப்படியே ஓசி.

முதல்ல ஜான் ஹார்ப்பர் எழுதின லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ். மொத்தமே ஒரு பக்கம். ஒரு கேரக்டருக்கு ஒரே ஒரு நம்பர், 2லருந்து 5 வரைக்கும் ஏதாவது ஒண்ணு. மூளையை வச்சு நிதானமா செய்யற வேலைன்னா பகடை அந்த நம்பருக்குக் கீழ விழணும், மனசை வச்சு செய்யற வேலைன்னா மேல விழணும். ஒண்ணு கூடினா இன்னொண்ணு தானா குறையும். நான் முதல் தடவை படிச்சப்ப இவ்ளோதானான்னு சிரிச்சேன், ஆடிப் பார்த்ததும் சிரிப்பு நின்னுடுச்சு.

அடுத்து கெய்ர்ன். இதுல உனக்கு நேரா உபயோகப்படற விஷயம் ஒண்ணு இருக்கு. கேரக்டர்கிட்ட பொருள் வைக்க பத்து இடம்தான், சோர்வு வந்தா அந்த சோர்வும் ஒரு இடத்தை அடைச்சுக்கும். காலைலருந்து கரும்பு வெட்டினவன் சாயங்காலம் தண்ணிக் குடத்தைத் தூக்க முடியாம நிக்கறதுக்கு நீ தனியா ரூல் எழுதவே வேணாம், ஷீட்டைப் பார்த்தாலே தெரிஞ்சிடும்.

மூணாவது அயர்ன்ஸ்வோர்ன். தனியா உக்காந்து ஆடலாம், பிடிஎஃப் இலவசம். ஞாயித்துக்கிழமைக்குக் காத்திருக்காம ராத்திரி பத்து மணிக்கு நீயே உன் தோட்டத்துல ஒரு கேரக்டரை விட்டு டெஸ்ட் பண்ணலாம், அதுல இருக்கற ஆரக்கிள் டேபிளை (பகடை உருட்டி அடுத்து என்ன நடக்குதுன்னு பார்க்கற பட்டியல்) பார்த்து உனக்கேத்த மாதிரி ஒண்ணு எழுதிக்கோ. அந்த டேபிள் எழுதற வேலைதான் நிஜமான உலகம் கட்டற வேலை, நாப்பது பக்க வரலாறு இல்ல. "முதலாளியோட தாத்தா 1849ல வந்தார்"னு நீ எழுதற வரி மேஜைக்கு வராது, "கரும்புக்குள்ள என்ன சத்தம் கேட்டுது"னு ஆறு வரி எழுதி வச்சா ஆறும் வரும்.

ப்ரெப் பத்தி. ஸ்லை ஃப்ளரிஷ்னு மைக் ஷே நடத்தற சைட் இருக்கு, சோம்பேறி கேம் மாஸ்டர் முறைன்னே பேர் வாங்கினது, அதோட லேஸி ஜிஎம் ரிசோர்ஸ் டாகுமென்டை சிசி லைசன்ஸ்லயே (கிரியேட்டிவ் காமன்ஸ், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம்) குடுத்திருக்காரு. அதுல எட்டு ஸ்டெப் வரும், நான் எட்டும் செய்யறதில்ல, ரெண்டு மட்டும் விடாம செய்வேன். ஒண்ணு, ஆட்டம் எப்படி ஆரம்பிக்குதுங்கற முதல் காட்சி. இன்னொண்ணு, பத்து ரகசியம், ஒவ்வொண்ணும் ஒரே வரி, எந்த இடத்துல யார் வாயால வரும்னு முடிவு பண்ணவே கூடாது. ஆட்டக்காரங்க எங்க போறாங்களோ அங்க அதை எடுத்து விடணும். வேலை முடிச்சு வந்து அரை மணி நேரத்துல முடிச்சிடலாம்.

அப்புறம் தி அலெக்ஸாண்ட்ரியன்ங்கற பிளாக்ல மூணு துப்பு விதின்னு ஒரு கட்டுரை, 2008ல எழுதினது, இன்னிக்கும் யாரும் அதைத் தாண்டல. ஆட்டக்காரங்க ஒரு முடிவுக்கு வரணும்னா குறைஞ்சது மூணு துப்பு வைக்கணுங்கறதுதான் விஷயம். ஒண்ணைப் பார்க்காமயே போவாங்க, ஒண்ணைப் பார்த்துட்டு சும்மா இருப்பாங்க, ஒண்ணை தப்பா புரிஞ்சுகிட்டு எப்படியோ வந்து சேருவாங்க. இது தெரியாத காலத்துல நான் ஒரு கொலைக்கதைல ஒரே ஒரு சாவியை வச்சேன், அதுவும் அரிசிப் பானைக்குள்ள. நாலு மணி நேரம் வீட்டையே புரட்டினாங்க, பானையைத் தவிர எல்லாத்தையும் தொறந்தாங்க. கடைசில நானே "பசிக்குது, சோறு வடிக்கலாமா"ன்னு ஒரு கேரக்டர் வாயால கேட்டுத்தான் ஆட்டத்தை முடிச்சேன்.

சும்மா_ஒரு_ஆள்:

இதுக்கெல்லாம் ஏன் இவ்ளோ கஷ்டம், ஏஐ கிட்ட கேட்டா அஞ்சு நிமிஷத்துல முழு கேமும் எழுதித் தரும்ல

ஜெயந்தி_ஜோபர்க்:

தரும். அதை ஆடறதுக்கும் அதையே கூப்பிட்டுக்கோங்க.

லைசன்ஸ்_லிங்கம்:

சிஸ்டம் தேர்ந்தெடுக்கறதுக்கு முன்னாடி லைசன்ஸ் பாருங்க ப்ரோ, பின்னாடி வெளியிடணும்னு தோணும்போது அழக்கூடாது.

பொதுவா கேமோட மெக்கானிக்ஸுக்கு, அதாவது ரெண்டு பகடை உருட்டி கூட்டணும்ங்கற யோசனைக்கு, காப்பிரைட் கிடையாது. அதை விவரிச்சு எழுதின வாசகம், படம், கதாபாத்திரப் பேர், லோகோ இதுக்கெல்லாம் உண்டு. அதனால நீங்களே உங்க தமிழ்ல எழுதினா பாதி பயம் போச்சு. அடுத்தவங்க வாசகத்தை எடுத்து மொழிபெயர்க்கப் போறீங்கன்னா மட்டும் கீழ இருக்கறதைப் படிங்க.

2023 ஜனவரில டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கம்பெனி பழைய ஓஜிஎல் (ஓப்பன் கேம் லைசன்ஸ்) லைசன்ஸை மாத்தப் போறாங்கன்னு ஒரு டிராஃப்ட் கசிஞ்சு பெரிய ரகளை ஆச்சு. அந்த மாசக் கடைசிலயே கம்பெனி பின்வாங்கி அடிப்படை ரூல் தொகுப்பான எஸ்ஆர்டி 5.1ஐ கிரியேட்டிவ் காமன்ஸ் பை 4.0ல விட்டுட்டாங்க. 2025ல வந்த எஸ்ஆர்டி 5.2உம் அதே லைசன்ஸ்தான். பேர் குறிப்பிட்டா போதும், விக்கலாம், மொழிபெயர்க்கலாம், மாத்தலாம். பிளேட்ஸ் இன் த டார்க்ங்கற கேமோட எஸ்ஆர்டி சிசி பை 3.0, ஃபேட்ங்கற கேமோட எஸ்ஆர்டியும் சிசி பை. அக்கா சொன்ன கெய்ர்ன் சிசி பை எஸ்ஏ 4.0, கடைசில இருக்கற அந்த எஸ்ஏவைக் கவனிங்க, அதை எடுத்து மாத்தி நீங்க வெளியிட்டா உங்களுதையும் அதே மாதிரி திறந்து விடணும். தப்பில்ல, தெரிஞ்சு செய்யணும் அவ்ளோதான். என்சின்னு இருந்தா காசுக்கு விக்க முடியாது.

ஐகானுக்கு கேம் ஐகான்ஸ் சைட், ஆயிரக்கணக்குல இருக்கு, பெரும்பாலும் சிசி பை 3.0, வரைஞ்சவங்க பேரைப் போடணும். மேப்புக்கு எல்லாரும் வாட்டாபூ ஜெனரேட்டரும் அஸ்கார் ஃபேன்டஸி மேப் ஜெனரேட்டரும் சொல்வாங்க, ரெண்டுமே அருமை, ஆனா வாட்டாபூ தர்ற ஊர் எல்லாம் கோட்டை கொத்தளத்தோட ஐரோப்பா ஊர் மாதிரி வரும், உங்க கரும்புத் தோட்டத்துக்கு ஒட்டாது. டைசன் லோகோஸ் கையால வரையற குகை மேப் வேணா பாருங்க, எதெதை காசு வாங்கற புத்தகத்துல போடலாம்னு அவரே குறிச்சு வச்சிருப்பாரு.

ஃபான்ட்: நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ். ரெண்டும் ஓப்பன் ஃபான்ட் லைசன்ஸ். ரூல்புக் மாதிரி ரெண்டு பத்தி லேஅவுட்டுக்கு ஹோம்ப்ரூவரின்னு பிரவுசர்லயே ஓடற டூல் இருக்கு, பிரவுசர்ல ஓடறதால தமிழ் எழுத்து உடையாது. ஸ்க்ரைபஸ்ங்கற லேஅவுட் சாஃப்ட்வேர் பக்கம் போறதா இருந்தா 1.4 பக்கம் போகாதீங்க, 1.5.3லருந்துதான் நம்ம கொம்பும் காலும் இருக்க வேண்டிய இடத்துல நிக்குது.

கரும்புக்காட்டான்:

அக்கா, லிங்கம் ப்ரோ, ரெண்டு பேருக்கும் கோடி நன்றி. கெய்ர்ன் படிச்சேன், சோர்வு மேட்டர் அப்படியே எடுத்துக்கப் போறேன்.

ஆனா பகடைதான் குழப்பம். டி20 (இருபது முகப் பகடை) வேணாம்னு தோணுது, ஒண்ணு விழறதுக்கும் இருபது விழறதுக்கும் அதே அஞ்சு பர்சென்ட்ங்கறது இந்தக் கதைக்கு ரொம்ப சூதாட்டமா இருக்கு. 2டி6 (ரெண்டு ஆறு முகப் பகடை) உருட்டி 10ம் அதுக்கு மேலயும் முழு வெற்றி, 7லருந்து 9 வெற்றி ஆனா ஒரு விலை, 6ம் அதுக்குக் கீழயும் சிக்கல், அந்த முறை பிடிச்சிருக்கு. ஆனா எல்லாரும் அதைத்தான் பண்றாங்க. போன வாரம் ஊருக்குப் போய்ட்டு வந்தப்ப அம்மா பித்தளை தாயக்கட்டை ஒரு ஜோடி குடுத்து விட்டாங்க. அதை வச்சு ஏதாவது பண்ண முடியுமா, இல்ல கிறுக்குத்தனமா?

இன்னொண்ணு, வரலாறு பத்தி யாரும் சொல்லல. இங்க டர்பன்ல நம்ம ஜனங்க இருக்கற சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கத்து ஆளுங்க யாராவது இருக்கீங்களா?

பகடைப்பாண்டி:

கிறுக்குத்தனம் இல்ல தலைவரே, இதுக்குத்தான் நான் பொறந்தேன். இருங்க கணக்கு போடறேன்.

எங்க ஊர்ப்பக்கத்து வழக்கப்படி கட்டை ஒவ்வொண்ணுலயும் நாலு முகம், 0, 1, 2, 3. ரெண்டு கட்டை உருட்டினா மொத்தம் 16 விதமா விழலாம். கூட்டுத்தொகை 1 வர்றது 2 விதம், அதான் தாயம். 2க்கு 3 விதம், 3க்கு 4 விதம், 4க்கு 3, 5க்கு 2, 6க்கு 1, ரெண்டும் வெறுமையா விழுந்தா 12னு கணக்கு, அதுக்கு 1. தாயம், அஞ்சு, ஆறு, பன்னெண்டு இது நாலும் விழுந்தா மறுபடி உருட்டலாம்னு சின்ன வயசுலருந்தே தெரியும்ல, அந்த நாலையும் சேர்த்தா 16ல 6, அதாவது 37.5 பர்சென்ட்.

இப்ப பாருங்க, அந்த நாலும் விழுந்தா முழு வெற்றி. 3 விழுந்தா வெற்றி ஆனா விலை குடுக்கணும், அது 16ல 4, 25 பர்சென்ட். 2, 4 விழுந்தா சிக்கல், 37.5 பர்சென்ட். 2டி6ல கூட்டல் ஒண்ணும் இல்லாம உருட்டினா முழு வெற்றி 36ல 6தான், பதினேழு பர்சென்ட்கூட இல்ல, நடுவுல 15, சிக்கல் 15. ஆக தாயக்கட்டைல கை கொஞ்சம் தாராளம், ஆனா நடுவாந்திரம் கம்மி, ஒண்ணு வாழ்வு இல்லன்னா சாவு. பேய்க்கதைக்கு அது சரியா இருக்கும்னு நான் நினைக்கறேன்.

வீட்டுக்கு வீடு தாய ரூல் மாறும், உங்க அம்மாகிட்ட கேட்டு அவங்க கணக்குப்படி மாத்திக்கோங்க. எனிடைஸ்னு ஒரு சைட் இருக்கு, எந்தப் பகடையும் முகம் என்னன்னு குடுத்தா சதவீதத்தை படம் போட்டுக் காட்டும், 0லருந்து 3 வரைக்கும் முகம்னு குடுத்தா நம்ம கட்டையும் அதுல உருளும். டிசைன் பண்ற ஒவ்வொருத்தனும் அதைத் தொறந்து வச்சுகிட்டுத்தான் வாயைத் தொறக்கணும்.

ஜெயந்தி_ஜோபர்க்:

பாண்டி, கணக்கு அழகா இருக்கு, ஆனா ஒரு ஓட்டை. 2டி6ல தேர்ச்சி உள்ளவனுக்கு +1, +2 குடுக்கலாம். தாயக்கட்டைல நம்பர் வரிசையா நல்லது கெட்டதுன்னு போகல, 1 நல்லது, 2 கெட்டது, 3 பரவால்ல, 4 கெட்டது, 5 நல்லது. +1 போட்டா 5 ஆறாகும், 1 ரெண்டாகி கெட்டுப்போகும். தேர்ச்சியை எங்க வைப்ப?

பகடைப்பாண்டி:

ஐயோ ஆமாம்ல.

பகடைப்பாண்டி:

ரெண்டு மணி நேரமா தூக்கம் வரல அக்கா. இப்படி வச்சா? கூட்டவே வேணாம். தேர்ச்சி உள்ளவன் ஒரு நம்பரை விலைக்கு வாங்கிக்கறான். கத்தி பிடிக்கறதுல கெட்டிக்காரன்னா "எனக்கு நாலு சிக்கல் இல்ல"ன்னு ஷீட்டுல எழுதிக்குவான், வெட்டற வேலைல அவனுக்கு 4 விழுந்தா விலையோட வெற்றி. சிக்கல் 37.5லருந்து 18.75க்கு இறங்கிடும், சரியா பாதி. ரெண்டு நம்பரையும் வாங்கிட்டா அந்த வேலைல அவன் தோக்கவே மாட்டான், அது ரொம்ப வருஷம் ஆடினப்புறம் வரட்டும். உருட்டும்போதே "நாலு விழு நாலு விழு"ன்னு கத்தலாம், தாயம் ஆடறப்ப கத்தற மாதிரியே.

ஜெயந்தி_ஜோபர்க்:

இது நல்லா இருக்கு. எரிச்சலா இருக்கு, எனக்குத் தோணலயேன்னு.

சாட்ஸ்வர்த்_பேரன்:

வணக்கம் அண்ணா, அக்கா. நான் சாட்ஸ்வர்த். என் தமிழ் கோயில் வகுப்பில் படித்த தமிழ், வீட்டில் ஆயா மட்டும்தான் பேசுவாங்க, அதனால் எழுத்தில் தப்பு இருந்தால் மன்னிச்சுக்கோங்க. நானும் கேம் நடத்துகிறேன், எங்கள் குரூப்பில் எல்லாரும் இங்கிலீஷ்தான்.

வரலாறு கேட்டீங்க. யூனிவர்சிட்டியின் வெஸ்ட்வில் கேம்பஸில் காந்தி லுத்துலி டாகுமென்டேஷன் சென்டர் இருக்கு, அவங்க கப்பல் லிஸ்ட் எல்லாம் கம்ப்யூட்டரில் ஏத்தி வெச்சிருக்காங்க. டவுனில் டெர்பி ஸ்ட்ரீட்டில் 1860 ஹெரிடேஜ் சென்டர் இருக்கு, அங்கேயும் போங்க. 1860 நவம்பர் 16, ட்ரூரோ கப்பல் மெட்ராஸிலிருந்து டர்பன் வந்தது. அதிலிருந்து 1911 வரைக்கும் ஒண்ணரை லட்சம் பேருக்கு மேலே வந்தாங்க. இது உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.

நான் சொல்ல வந்தது வேற. எங்கள் ஆயாவின் தாத்தாவை நான் அந்த லிஸ்ட்டில் தேடிப் பார்த்தேன். ஒரு வரிசைதான். காலனியல் நம்பர், பேர், அப்பா பேர், வயசு, ஆணா பெண்ணா, சாதி, உயரம், ஜில்லா, தாணா (போலீஸ் சரகம்), கிராமம், உடம்பில் என்ன மச்சம் என்ன தழும்பு. பார்த்துட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன் அண்ணா. எய்ஷ், இது ஒரு கேரக்டர் ஷீட். நாம் மேஜையில் நிரப்புற மாதிரியே ஒருத்தன் பேனாவால் நிரப்பியிருக்கான், ஆனா ஆடப்போறவனைக் கேட்காம நிரப்பியிருக்கான்.

அதனால் நீங்க புதுசா ஷீட் ஒண்ணும் டிசைன் பண்ண வேண்டாம் என்று நினைக்கிறேன். அந்த வரிசையையே முதல் பக்கமா வையுங்க, அதை கேம் மாஸ்டர்தான் நிரப்பணும். கிளார்க் மாதிரி மேஜைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்கணும், கேட்டதை தப்புத்தப்பா எழுதணும். எங்கள் பேர் எல்லாம் அப்படி ஆனதுதானே, கவுண்டர் கோவெண்டர் ஆச்சு, முதலி மூட்லி ஆச்சு, முனுசாமி மூன்சாமி ஆச்சு. ஷீட்டின் பின் பக்கம் காலியா இருக்கணும், அதை ஆட்டக்காரர் நிரப்பணும். அவங்களுக்கு மட்டும் தெரிஞ்ச பேர், யார்கிட்ட என்ன சொல்லிட்டு வந்தாங்க, எந்தப் பாட்டு தெரியும், இந்த மாதிரி. ஆட்டத்தில் முன் பக்கத்தை வெச்சு யார் வேணும்னாலும் அவங்களை பிடிக்கலாம். பின் பக்கத்தை வெச்சுத்தான் அவங்க தப்பிக்க முடியும்.

ஒரு வேண்டுகோள். லிஸ்ட்டில் இருக்கிற ஆளை அப்படியே எடுத்து கேரக்டரா போடாதீங்க. அவங்க யாரோ ஒருத்தருடைய தாத்தா. பேர் ஒரு வரியிலிருந்து, ஊர் இன்னொரு வரியிலிருந்து கலந்து டேபிள் பண்ணுங்க.

கரும்புக்காட்டான்:

தம்பி... என்ன சொல்றதுன்னே தெரியல. நாப்பது பக்கத்தையும் மூடி வச்சிட்டேன். முன்பக்கம் பின்பக்கம், அவ்ளோதான் கேம்.

ஒரு சந்தேகம். லிஸ்ட்ல சாதின்னு ஒரு கட்டம் இருக்கே, அதை என்ன பண்றது? விட்டுட்டா பொய், வச்சா மேஜைல யாருக்காவது வலிக்கும். என் குரூப்ல ஊர்லருந்து வந்தவங்களும் இருக்காங்க, ஃபீனிக்ஸ்காரங்களும் இருக்காங்க.

ஜெயந்தி_ஜோபர்க்:

வை, ஆனா ஆடறதுக்கு முன்னாடி பேசிடு. ரான் எட்வர்ட்ஸ் சொன்ன கோடு, திரைங்கற முறை தெரியும்ல. கோடுன்னா அந்த விஷயம் ஆட்டத்துலயே வராது. திரைன்னா நடந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா காட்சியா விவரிக்க மாட்டோம். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தரும் சீட்டுல எழுதிப் போடட்டும், பேர் போடாம. பாலியல் வன்முறை, சவுக்கடி இதெல்லாம் இந்தக் கதைல தானா வந்து நிக்கும், அதனால நீயே முதல் சீட்டு எழுதிப் போடு, மத்தவங்களுக்குக் கூச்சம் போகும். கூடவே ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸோட எக்ஸ் கார்டு. மேஜை நடுவுல ஒரு அட்டை, யார் தொட்டாலும் அந்தக் காட்சியை அங்கயே விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடணும், காரணம் கேக்கக்கூடாது. டிடிஆர்பிஜி சேஃப்டி டூல்கிட்னு தேடினா எல்லாத்தையும் ஒரே இடத்துல தொகுத்து வச்சிருக்காங்க, ஓசிதான்.

ஆட்டத்துக்குள்ள சொல்லணும்னா, சாதிக் கட்டத்துக்கு கிளார்க் கேக்கும்போது என்ன பதில் சொல்றதுன்னு ஆட்டக்காரர் முடிவு பண்ணட்டும். ஊரை விட்டுக் கடல் தாண்டறவன் அந்த இடத்துல வேற ஒண்ணை சொல்லியிருக்க மாட்டானா என்ன. உண்மை பின்பக்கத்துல இருக்கட்டும், இல்லாமயும் போகட்டும்.

லைசன்ஸ்_லிங்கம்:

ஒப்பந்தம் அஞ்சு வருஷம், முதல் வருஷம் மாசம் பத்து ஷில்லிங், வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் ஏறும். பிளேட்ஸ்ல வர்ற கிளாக் மெக்கானிக் இதுக்கு அப்படியே பொருந்தும். ஒரு வட்டம் வரைஞ்சு துண்டு போட்டு ஒவ்வொண்ணா நிரப்பறது, நாலு துண்டு ஆறு துண்டு எட்டு துண்டுன்னு போடுவாங்க, நீங்க அஞ்சு போடுங்க. வேலைக்கு வராத நாளை மொதலாளி கூட்டிக்கிட்டே போனா வட்டம் பின்னாடி அழிஞ்சுகிட்டே வரட்டும். அந்த எஸ்ஆர்டி சிசி பை, எடுத்துக்கலாம்.

சாட்ஸ்வர்த்_பேரன்:

லிங்கம் அண்ணா சொன்ன கிளாக் நல்லா இருக்கு. இன்னொண்ணும் சேர்த்துக்கோங்க, பாஸ், அதாவது முதலாளி கொடுக்கிற அனுமதிச் சீட்டு. பாஸ் இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது. ப்ரொடெக்டர் (கூலிகளைப் பாதுகாக்க என்று வெச்ச அதிகாரி) ஆபீஸில் புகார் சொல்லப் போறதுக்கும் பாஸ் வேணும், அந்த பாஸ் குடுக்க வேண்டியவர் யார் மேலே புகாரோ அவரேதான். இதை நீங்க ரூலா எழுதினாலே போதும், வில்லன் தனியா வேண்டாம்.

அப்புறம் கேம் மாஸ்டருக்கு தமிழில் என்ன பேர் வெச்சிருக்கீங்க? எங்கள் பக்கம் கோயில் திருவிழாவில் தெருக்கூத்து ஆடுவாங்க, இங்கே அதுக்கு சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்று பேர். அதில் முதலில் வந்து கதை சொல்லி, கிண்டல் பண்ணி, ராஜாகிட்டேயே "நீ யாரு"ன்னு கேட்கிற ஒருத்தர் வருவார். ஆயா அவரை கட்டியக்காரன் என்பாங்க. கேம் மாஸ்டர் பண்ற வேலை எல்லாம் அவர் பண்றார்.

பகடைப்பாண்டி:

கட்டியக்காரன்!!! முடிஞ்சுது, இனிமே நான் கேம் மாஸ்டர்னு சொல்லமாட்டேன்.

கரும்புக்காட்டான்:

அப்டேட். ஞாயித்துக்கிழமை ஆடியாச்சு. லேஅவுட் எல்லாம் இல்ல, ஏ4 பேப்பர்ல ரெண்டு பக்கம். ஒரு பிரின்ட் கடைல குடுத்தேன், அவங்க கம்ப்யூட்டர்ல என் தமிழ் பூரா கட்டம் கட்டமா வந்துச்சு, வேர்ட் ஃபைலா குடுத்தது என் முட்டாள்தனம், ஃபான்ட்டை உள்ள பதிச்சு பிடிஎஃபா குடுத்தப்புறம் சரியாச்சு. புதுசா ஆரம்பிக்கறவங்க குறிச்சு வச்சுக்கோங்க.

கிளார்க் காட்சிக்கு நான் பத்து நிமிஷம்தான் ஒதுக்கினேன், ஒரு மணி நேரம் போச்சு. ஃபீனிக்ஸ்கார பொண்ணு ஒருத்தி பேர் சொன்னா, நான் தப்பா எழுதினேன், திருத்தினா, மறுபடி தப்பா எழுதினேன், மூணாவது தடவை அவ திருத்தல. மேஜை அமைதியாயிடுச்சு. எக்ஸ் கார்டை எடுத்துக் காட்டி "நிறுத்தவா"ன்னு கேட்டேன், வேணாம்னு தலையாட்டிட்டு ஷீட்டைத் திருப்பி பின்னாடி எழுத ஆரம்பிச்சா.

சொதப்பினது என்னன்னா, துப்பு. அக்கா சொல்லியும் ரெண்டுதான் வச்சேன், ஒண்ணு சர்தார் (கங்காணி) குடிசைல, ஒண்ணு கிணத்தடில. பயலுக ரெண்டு இடத்துக்கும் போகல, நேரா கரும்புக்காட்டுக்குள்ள இறங்கிட்டானுங்க. பத்து ரகசியத்துல மூணை அங்கயே அவசரமா எடுத்து விட்டுத்தான் சமாளிச்சேன். தாயக்கட்டை சூப்பர், டைல்ஸ் தரைல உருட்டற சத்தத்துக்கே கீழ்வீட்டுக்காரர் மேல வந்துட்டார், வந்தவர் அரை மணி நேரம் நின்னு பார்த்துட்டு அடுத்த வாரம் தானும் வரலாமான்னு கேட்டுட்டுப் போனாரு.

ஜெயந்தி_ஜோபர்க்:

மூணுன்னா மூணு. இனிமே ரெண்டு வச்சிட்டு என்கிட்ட வந்து அழாத. முதல் பக்கத்தை ஃபோட்டோ எடுத்துப் போடு, பார்க்கணும்.

சாட்ஸ்வர்த்_பேரன்:

அண்ணா, அடுத்த ஞாயிறு நானும் வரலாமா? ஆயாவிடம் கேட்டேன், அவங்க சின்ன வயசில் தாயம் ஆடியிருக்காங்களாம், பன்னெண்டு விழுந்தா அவங்க வீட்டில் வேற கணக்காம், எழுதி எடுத்துட்டு வரேன்.

கரும்புக்காட்டான்:

கண்டிப்பா வா தம்பி, மூணு மணிக்கு, ஆயாவையும் கூட்டிட்டு வந்தா இன்னும் சந்தோஷம். ஆனா அவங்க வீட்டுல கட்டை இருந்தா அதையும் கொண்டு வரச் சொல்லு, என்னோட ஜோடில ஒண்ணு நேத்துலருந்து சோஃபாவுக்கு அடில எங்கயோ போய்டுச்சு.